உப்பு தேவையான அளவு

சமையல் குறிப்புகளில் தவறாமல் வரும் ஒரு வரி உண்டு: "உப்பு - தேவையான அளவு". சமைக்கத் தெரிந்தவருக்கு அந்த வரி தேவையே இல்லை. தெரியாதவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எழுதியவருக்கு மட்டும் குறிப்பு முழுமையாகத் தெரியும். ஏனென்றால் அளவு அவர் கையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கடைசி ஆண்டு மாணவர் ஒருவர் ஆறு மாதம் உழைத்து ஒரு புராஜெக்ட் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலநிரலை எல்லாம் ஒரு கோப்புறையில் போட்டு, சுருக்கி, அடுத்த ஆண்டு ஜூனியரிடம் கொடுக்கிறார். ஜூனியர் வீட்டுக்குப் போய்த் திறந்து, பில்ட் செய்து பார்க்கிறார். திரை முழுக்கப் பிழைச்செய்தி. சீனியரைக் கேட்டால் "என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறதே!" என்கிறார். இரண்டு நாள் போராடிவிட்டு ஜூனியர் அதை மூடி வைத்துவிட்டு வேறு தலைப்பு தேடப் போகிறார். ஆறு மாத உழைப்பு அந்த இடத்தில் செத்துப்போகிறது. நிரலில் தவறு எதுவும் இல்லை. அதைப் பற்றிய விவரத்தில்தான் உப்பு 'தேவையான அளவு' என்று இருந்தது.

பில்ட் செய்வது கருவியின் வேலை, விவரிப்பது மனிதரின் வேலை. கருவிகள் போதுமான அளவு வளர்ந்துவிட்டன. விவரிப்பதில்தான் இன்னும் சோம்பல். இதைப் பார்க்க ஹாஸ்கெல் மொழியின் பொதிகளை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கஷ்டம். அந்த மொழிக்காரர்கள் இந்தச் சிக்கலோடு இருபது ஆண்டுகளுக்கும் மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ஹாஸ்கெல் என்றால்?

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஃபங்ஷனல் நிரல்மொழிகளில் ஹாஸ்கெல் முக்கியமான ஒன்று. ஆளுக்கொரு மொழி செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியாளர்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று 1987-இல் கூடிப் பேசினார்கள். 1990-இல் அதன் முதல் வரையறை வெளிவந்தது. தர்க்கவியல் அறிஞர் ஹாஸ்கெல் கரியின் பெயரையே மொழிக்கும் வைத்தார்கள்.

இந்த மொழியின் அடிப்படைக் கொள்கை எளிமையானது. ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே உள்ளீட்டை எத்தனை முறை கொடுத்தாலும் ஒரே விடைதான் வர வேண்டும். நேற்று என்ன நடந்தது, வேறு யார் எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதைப் பாதிக்கக் கூடாது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் படித்த 'சார்பு' அப்படியே நிரலுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைத்தான் 'தூய்மை' என்று ஹாஸ்கெல்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கபாலுக்கு முன்னால்

2000-களின் தொடக்கத்தில் ஹாஸ்கெலில் ஒரு லைப்ரரி எழுதியவர் அதை மற்றவர்களுக்குத் தர விரும்பினால் பெரும்பாடு. அப்போது ஜிஹெச்சி, ஹக்ஸ், என்ஹெச்சி98 என்று பல கம்பைலர்களும் இன்டர்பிரெட்டர்களும் புழக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் லைப்ரரிகளை ஒவ்வொரு இடத்தில் தேடும். லைப்ரரி எழுதியவர் தனக்குத் தெரிந்த விதத்தில் ஒரு மேக்ஃபைல் எழுதி வைப்பார். அது அவருடைய லினக்ஸ் கணினியில் ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவரிடம் 'மேக்' கருவியே இருக்காது.

இதற்கு ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு 2003-இல் வலுத்தது. ஐசக் ஜோன்ஸ் முன்னின்று நடத்த, பல கம்பைலர்களின் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு வடிவம் கொடுத்தார்கள். அதன் பெயர் கபால். 'பயன்பாடுகளையும் லைப்ரரிகளையும் கட்டுவதற்கான பொதுக் கட்டமைப்பு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ரகசியமாகக் கூடிச் சதி செய்யும் கும்பல் என்றும் ஒரு பொருள் உண்டு! 2005-இல் வந்த ஜிஹெச்சி 6.4-உடன் கபாலும் சேர்ந்தே வந்தது. 2007-இல் எல்லாப் பொதிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் ஹேக்கேஜ் என்ற களஞ்சியமும் வந்தது. ஒரே கட்டளையில் பொதியை இறக்கி, அதற்குத் தேவையானவற்றையும் இறக்கி, நிறுவிவிடும் கருவியும் கூடவே வளர்ந்தது.

விவரம் வேறு, கட்டளை வேறு

கபாலில் உள்ள மிக நல்ல யோசனை எது என்றால், பொதியின் விவரத்தை ஒரு நிரலாக எழுதாமல் ஒரு படிவமாக எழுதச் சொன்னதுதான்.

ஒவ்வொரு பொதியிலும் '.கபால்' என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். ரயில் முன்பதிவுப் படிவம் போல அதில் புலங்கள். பொதியின் பெயர், பதிப்பு எண், உரிமம், எழுதியவர், பராமரிப்பவர், ஒரு வரி அறிமுகம். பிறகு லைப்ரரி என்ற பகுதி: வெளியே தெரியும் மாட்யூல்கள் எவை, உள்ளுக்குள் மட்டும் பயன்படுபவை எவை, மூலநிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது. ஓடும் நிரல் இருந்தால் அதற்குத் தனிப் பகுதி. சோதனைகளுக்கு இன்னொன்று. எல்லாவற்றிலும் முக்கியமானது 'பில்ட்-டிபெண்ட்ஸ்' என்ற புலம். இந்தப் பொதி வேறு எந்தப் பொதிகளை நம்பியிருக்கிறது, அவற்றின் எந்தெந்தப் பதிப்புகள் சரிப்படும் என்பதை அங்கே எழுத வேண்டும்.

பில்ட் செய்யும் நிரல் என்று தனியாக ஒன்று உண்டுதான். ஆனால் பெரும்பாலான பொதிகளில் அது இரண்டே வரி. "வழக்கமான முறையில் பில்ட் செய்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இப்போதைய பதிப்புகளில் பில்ட் வகை 'சிம்பிள்' என்று படிவத்தில் எழுதிவிட்டால் அந்த இரண்டு வரியும் வேண்டாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். படிவத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எந்தக் கருவியும் படிக்கலாம். நிரலை அப்படிப் படிக்க முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பொதி ஒன்று எவற்றைச் சார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கே அந்தப் பொதியின் நிரலை ஓட்ட வேண்டும் என்றால், அறிமுகமே இல்லாத ஒருவரை வீட்டுக்குள் விட்டபிறகு "நீங்கள் யார்?" என்று கேட்பது போலத்தான். பைத்தான் மொழியில் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. நிறுவும் விவரமே ஒரு பைத்தான் நிரலாக இருந்தது. அதிலிருந்து படிவத்துக்கு மாறும் வேலையை அவர்கள் 2016-க்குப் பிறகு படிப்படியாகச் செய்தார்கள். ஹாஸ்கெல் 2005-இலேயே அந்த இடத்தில் இருந்தது.

பலன் கண்கூடு. ஹேக்கேஜ் தளம் அந்தப் படிவத்தைப் படித்தே ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பக்கம் உருவாக்குகிறது. டெபியன், ஃபெடோரா, ஜென்டூ போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் வேலை செய்பவர்கள், கபால் கோப்பைத் தங்கள் பொதி வடிவத்துக்கு மாற்றித்தரும் கருவிகளை எழுதிக்கொண்டார்கள். பொதியை எழுதியவருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நரகம் என்றே பெயர் வைத்தார்கள்

இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாஸ்கெல் கற்க வந்தவர்கள் அடிக்கடி கேள்விப்பட்ட சொல் 'கபால் நரகம்'. அது என்ன என்று ஒரு கற்பனைக் கதையில் பார்ப்போம்.

'விளையாட்டு' என்று ஒரு பொதி, 'கடிதம்' என்று இன்னொரு பொதி. இரண்டுக்கும் 'எழுத்து' என்ற லைப்ரரியின் 1.0 பதிப்பு வேண்டும். அந்த 'எழுத்து', 'அடித்தளம்' என்ற வேறொரு லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. 'அடித்தளம்' 1.0 ஆக இருந்தாலும் 2.0 ஆக இருந்தாலும் அதற்குச் சம்மதம்தான்.

திங்கட்கிழமை ஒருவர் 'விளையாட்டு' பொதியை நிறுவுகிறார். அடித்தளம் 1.0-ஐ வைத்து 'எழுத்து' பில்ட் ஆகிறது. எல்லாம் ஓடுகிறது. புதன்கிழமை 'கடிதம்' வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு அடித்தளம் 2.0 வேண்டும். கருவி என்ன செய்யும்? அதே 'எழுத்து' 1.0-ஐ, இந்த முறை அடித்தளம் 2.0-ஐ வைத்து, மறுபடி பில்ட் செய்து பழையதன் மேலேயே எழுதிவிடும். 'கடிதம்' ஓடும். ஆனால் பழைய 'எழுத்தை' நம்பியிருந்த 'விளையாட்டு' போய்விட்டது! வியாழக்கிழமை அதைத் திறந்தால்தான் விஷயமே தெரியும்.

இப்படி ஒன்றை நிறுவினால் இன்னொன்று உடைவதால், பலர் செய்த வைத்தியம் ஒன்றுதான். நிறுவிய பொதிகள் இருக்கும் கோப்புறை முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது. வீட்டில் ஒரு எலி வந்தால் வீட்டையே இடித்துக் கட்டுவது மாதிரி.

சொந்த வீட்டில் இல்லாத தூய்மை

முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன சொல் இப்போது தேவைப்படுகிறது. ஒரே உள்ளீடு, ஒரே விடை. நேற்று நடந்தது இன்றைய விடையைப் பாதிக்கக் கூடாது. உலகத்துக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்த மொழியின் பொதிகள் எப்படி நிறுவப்பட்டன? எதை முதலில் நிறுவினோம், எதை இரண்டாவதாக நிறுவினோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. எல்லோரும் மேலே மேலே எழுதும் ஒரே பொதுப் பலகையில் பொதிகள் கிடந்தன. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

தீர்வு அந்தக் கொள்கையிலிருந்தே வந்தது என்பதுதான் கதையின் அழகு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். மென்பொருளை நிறுவுவதையும் தூய ஃபங்ஷனாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். மூலநிரல், கம்பைலர், சார்ந்திருக்கும் பொதிகள், கொடுத்த தெரிவுகள் எல்லாம் உள்ளீடு. பில்ட் ஆகி வருவது விடை. உள்ளீடுகள் அனைத்தையும் சேர்த்து ஒரு ஹேஷ் எண்ணாகச் சுருக்கி, அதையே விடையின் முகவரியாக வைத்துவிடலாம். உள்ளீடு ஒரு துளி மாறினாலும் முகவரி மாறிவிடும். எதுவும் எதன் மேலும் எழுதப்படாது. இந்த யோசனையில் எழுந்த கருவிதான் நிக்ஸ்.

கபால் அந்த இடத்துக்கு வர நாளானது. 2013-இல் ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனித்தனிப் பெட்டி வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. உடைவது நின்றது, ஆனால் ஒரே பொதியைப் பத்துப் பெட்டிக்குப் பத்து முறை பில்ட் செய்ய வேண்டியிருந்தது. 2016-இல் நிக்ஸ் பாணி பில்ட் முன்னோட்டமாக வந்தது. 2019-இல் வெளியான கபால் 3.0-இல் அதுவே வழக்கமான முறை ஆனது. மேலே சொன்ன கதையில் இப்போது இரண்டு 'எழுத்து' 1.0 இருக்கும், இரண்டு முகவரியில். விளையாட்டும் ஓடும், கடிதமும் ஓடும்.

இதில் இன்னொரு வேடிக்கை. கணக்கில் ஃபங்ஷனைத் தமிழில் சார்பு என்கிறோம். ஒரு பொதி இன்னொன்றை நம்பியிருப்பதையும் சார்பு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழில் ஒரே சொல். இந்த விஷயத்தைப் பொறுத்தவரை தமிழ்தான் சரி! விடை எதைச் சார்ந்திருக்கிறது என்பதை முழுதாகச் சொல்லிவிட்டால் அது ஃபங்ஷன். ஒன்றை மறைத்தாலும் அது அதிர்ஷ்டம்.

மேல் வரம்புச் சண்டை

கருவி சரியாகிவிட்டது, சுபம் என்று முடித்துவிடலாமா? முடியாது. கொடுத்த உள்ளீடுகளைக் கருவி கச்சிதமாகக் கையாளும். எந்த உள்ளீடுகள் சரி என்று சொல்வது இன்னமும் அந்தப் படிவத்தை நிரப்பும் மனிதர்தான். இங்கேதான் ஹாஸ்கெல் உலகத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டை வருகிறது.

ஹாஸ்கெல் பொதிகளுக்கென்று ஒரு பதிப்பு எண் கொள்கை உண்டு. 1.2.3 என்ற பதிப்பில் முதல் இரண்டு எண்களும் சேர்ந்து பெரிய எண். ஏற்கெனவே இருந்த ஒன்றை நீக்கினாலோ மாற்றினாலோ 1.3 ஆக்க வேண்டும். புதிதாகச் சேர்த்தால் மட்டும் 1.2.4 போதும். இதை எல்லோரும் பின்பற்றினால், ஒரு பொதியைப் பயன்படுத்துகிறவர் "1.2 முதல் 1.3-க்குக் கீழே" என்று கீழ் வரம்பும் மேல் வரம்பும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

மேல் வரம்பு வேண்டாம் என்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். அது சோம்பேறிகளின் வாதம் அல்ல. 1.3 இன்னும் வெளிவரவே இல்லை. அதில் தன் பொதி ஓடாது என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் ஓடத்தான் செய்யும். மேல் வரம்பு போட்டுவிட்டால், யாரோ ஒருவர் புதிய பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் தன் கோப்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால் அந்த இரண்டு மாதமும் அவரை நம்பியிருக்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அதைவிட, ஒன்றோடொன்று ஒத்துப்போவதாகச் சோதித்த பதிப்புகளை மொத்தமாகத் தொகுத்துக் கொடுப்பது மேல் என்று 2012-இல் ஸ்டாக்கேஜ் தொடங்கியது. 2015-இல் அதைச் சுற்றி ஸ்டாக் என்ற கருவியும் வந்தது. புதிதாக வந்தவர்கள் பலருக்கு அது உண்மையிலேயே பெரிய நிம்மதி.

ஆனாலும் வரம்பு எழுதுவதே சரி. இரண்டு தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

வரம்பு இறுக்கமாகிவிட்டது என்றால் என்ன ஆகும்? பில்ட் தொடங்கும் முன்பே கருவி சொல்லிவிடும்: இந்தப் பொதிக்கு 1.3-க்குக் கீழே வேண்டுமாம், கிடைக்கவில்லை. எந்தப் பொதி, எந்த வரி என்று தெரிகிறது. அவசரம் என்றால் "மேல் வரம்பைக் கண்டுகொள்ளாதே" என்று கபாலுக்குச் சொல்ல ஒரு வரி போதும். எழுதியவரும் புதிய பதிப்பு வெளியிடாமலேயே, வெளியான பொதியின் வரம்பை மட்டும் ஹேக்கேஜில் திருத்தலாம்.

வரம்பே இல்லை என்றால்? கருவி சரி என்று தலையாட்டும். பத்து நிமிடம் பில்ட் ஓடும். பிறகு, பார்த்தே இராத ஒரு பொதியின், கேள்விப்பட்டே இராத ஒரு மாட்யூலில், 214-ஆவது வரியில் ஒரு டைப் பிழை. இது யார் தவறு, எந்தப் பதிப்புக்குப் போனால் சரியாகும் என்று அந்தச் செய்தியில் ஒரு வார்த்தை இருக்காது. முதல் தவறைச் சரிசெய்ய ஒரு வரி, இரண்டாவதைச் சரிசெய்யத் துப்பறிவாளர்!

இதைவிட மோசமான விளைவு ஒன்று இருக்கிறது. ஹேக்கேஜில் ஏற்றிய பதிப்பு சாதாரணமாக அழிக்கப்படுவதில்லை, பழையவை எல்லாம் அங்கேயே இருக்கும். அது நல்ல கொள்கைதான். ஆனால் கருவி பொருத்தமான பதிப்புகளைத் தேடும்போது, ஒழுங்காக வரம்பு எழுதிய புதிய பதிப்புகள் எல்லாம் "எனக்கு ஒத்துவராது" என்று நேர்மையாக விலகிக்கொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன் வரம்பே எழுதாமல் ஏற்றிய ஒரு பழைய பதிப்பு மட்டும் "எனக்கு எதுவானாலும் சரி" என்று கை தூக்கும். கருவி அதை நம்பித் தேர்ந்தெடுக்கும், பில்ட் உடையும். உண்மை சொன்னவர்கள் விலக, சொல்லாதவர் தேர்வாகிறார். ஹேக்கேஜின் தன்னார்வலர்கள் இப்படிப்பட்ட பழைய விவரங்களைத் தேடித் தேடித் திருத்துகிறார்கள். ஒருவர் அன்று எழுதாமல் விட்ட அரை வரிக்காக, அவரைத் தெரியாத இன்னொருவர் தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கிறார்.

2015-இல் நடந்தது

"ஹாஸ்கெலில்தான் டைப் சரிபார்ப்பு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று ஒரு கேள்வி வரும். பார்த்துக்கொள்ளும், ஆனால் பில்ட் பாதி போன பிறகுதான். டைப் மாறாமல் நடத்தை மட்டும் மாறினால் அதுவும் கைவிரித்துவிடும்.

உண்மையான உதாரணம் ஒன்று. ஹாஸ்கெலின் அடிப்படை லைப்ரரியின் பெயர் 'பேஸ்'. ஜிஹெச்சியின் ஒவ்வொரு பெரிய வெளியீட்டோடும் அதன் ஒரு பதிப்பு வரும். 2015-இல் ஜிஹெச்சி 7.10-உடன் பேஸ் 4.8 வந்தது. அதில் ஒரு பெரிய மாற்றம். அதுவரை ஒரு டைப்பை 'மோனாட்' என்று அறிவித்தால் மட்டும் போதும். அதன்பிறகு அதை 'அப்ளிகேட்டிவ்' என்றும் அறிவித்தே ஆக வேண்டும். கணித ரீதியாக அது நியாயமான திருத்தம், பல ஆண்டுகளாகப் பலர் கேட்டு வந்ததும்கூட. ஆனால் அப்படி அறிவிக்காமல் விட்டிருந்த பழைய நிரல்கள் எல்லாம் அன்று முதல் கம்பைல் ஆகவில்லை. எதையும் இறக்குமதி செய்யாமலே கிடைக்கும் அடிப்படைப் பெயர்களிலும் சில புதிதாகச் சேர்ந்தன. அதே பெயரில் சொந்தமாக ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தவர்களின் நிரல்களில் எந்தப் பெயரைச் சொல்கிறாய் என்று கம்பைலர் குழம்பியது.

பேஸுக்கு "4.8-க்குக் கீழே" என்று மேல் வரம்பு எழுதியிருந்த பொதிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு, பழைய கம்பைலர் வேண்டும் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. எழுதாதவற்றைப் பயன்படுத்தியவர்கள் அடுத்தவர் நிரலுக்குள் மோனாடைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்று ஒருவர் 2012-இல் எழுதிய நல்ல நிரல் ஒன்றை உயிர்ப்பிக்க நினைத்தால், அந்த வரம்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஒரு மாலை நேர வேலைக்கும் ஒரு வார வேலைக்கும் உள்ள வித்தியாசம்.

தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும்

எதிர்த் தரப்பின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வராத பதிப்பில் ஓடாது என்று எப்படி எழுதுவது? அது பொய் இல்லையா?

மேல் வரம்பை ஆரூடமாகப் படிப்பதால்தான் இந்தக் குழப்பம். அதைச் சாட்சியமாகப் படித்தால் குழப்பம் இல்லை. "1.3-இல் ஓடாது" என்று அது சொல்லவில்லை. "1.2-இல் ஓட்டிப் பார்த்தேன், அதற்கு மேல் பார்க்கவில்லை" என்றுதான் சொல்கிறது. 2017-இல் வந்த கபால் 2.0 இதற்கென்றே ஒரு குறியையும் கொண்டுவந்தது. '^>=' என்று போட்டு 1.2.3 என்று எழுதினால், இந்தப் பதிப்பில் ஓடுவது தெரியும், பதிப்புக் கொள்கைப்படி 1.3-க்கு முன்பு வரை ஓட வேண்டும் என்று பொருள். சோதித்துப் பார்த்த கம்பைலர்களைக் குறிக்கவும் தனிப் புலம் உண்டு. வரம்புகளைக் கணக்கிட்டுக் கொடுக்கவே கபாலில் ஒரு கட்டளை இருக்கிறது. கோப்பில் குறை இருந்தால் சுட்டிக்காட்ட இன்னொன்று இருக்கிறது. எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை.

சரியான பதிப்புகளை எல்லாம் உறையவைத்து ஒரு கோப்பில் பதிந்து கொடுத்துவிட்டால் வரம்பு எதற்கு என்றும் கேட்பார்கள். அதற்கும் கபாலில் வசதி இருக்கிறது, புராஜெக்டை ஜூனியரிடம் கொடுக்கும்போது அதையும் கட்டாயம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கோப்பு அந்தப் புராஜெக்டுக்கு மட்டும்தான். லைப்ரரியாக வெளியிட்டால், அதைத் தன் நிரலில் சேர்க்கும் அந்நியரிடம் போய்ச் சேர்வது '.கபால்' கோப்பில் உள்ள வரிகள் மட்டுமே.

படிவத்தால் முழுமையாகப் பிடிக்க முடியாதவையும் உண்டு. ஒரு பொதிக்கு சி மொழியில் எழுதிய வெளி லைப்ரரி தேவைப்பட்டால் அதன் பெயரைக் குறிக்கலாம். ஆனால் கபால் அதை இறக்கிக் கொடுக்காது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசும் பொதியை நிறுவப் போய், அதன் சி லைப்ரரி கணினியில் இல்லாததால் நின்றுபோனவர்கள் பலர். அப்படிப்பட்ட இடத்தில் 'ரீட்மீ' கோப்பில் இரண்டு வரி எழுதுவதும் விவரிப்பில் சேர்த்திதான்.

"இது சும்மா ஒரு அசைன்மென்ட், இதை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்?" என்று தோன்றலாம். எடுத்துப் பார்க்கப் போகிறவர் பெரும்பாலும் எழுதியவரேதான், மூன்று ஆண்டு கழித்து, வேறொரு கணினியில். அதற்குள் கம்பைலர் மாறியிருக்கும், லைப்ரரிகள் மாறியிருக்கும், எந்தப் பதிப்பை வைத்து எழுதினோம் என்பது சுத்தமாக மறந்திருக்கும். அன்றைக்கு அவரும் ஓர் அந்நியர்தான்.

ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தரும் கருவியைக் கபால் ஒருவழியாகக் கொடுத்துவிட்டது. அந்த உள்ளீடு என்ன என்று சொல்லும் பொறுப்பை எந்தக் கருவியும் மனிதரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. பாட்டி கைப்பக்குவம் பாட்டியோடு போய்விட்டது என்று எத்தனையோ வீடுகளில் வருத்தப்படுகிறார்கள். நிரலுக்கும் அந்தக் கதி வர வேண்டாம். உப்பு எத்தனை ஸ்பூன் என்று எழுதிவிடலாம்.